ரப்பர் தவளை

வெள்ளவத்தையில் நாலரைக்குப் புறப்பட்டால்
பனி விலகுமுன் பொல்கொட வாவி என்று
போனில் சொன்னவன்
இறங்குதுறையில் இரண்டு தொப்பிகளோடு நின்றான்.
ஒன்று எனக்கு. நாட்கட்டணத்தில் அடக்கம்.
மீன் அடக்கமில்லை,
அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறான்.

பெயர் இந்துனில். பாதித் தமிழ், அதுவும் மருதானைத் தமிழ்.
இலைகளுக்கடியில் அசைந்ததை "லூலா" என்றான்.
"விரால்" என்றேன்.
இரண்டு பெயரும் தனக்கில்லை என்பதுபோல்
நீர் மூடிக்கொண்டது.

தாமரை இலைமேல் ரப்பர் தவளை விழவேண்டும்,
ஒரு மூச்சுப் பொறுக்கவேண்டும்,
பிறகு சோம்பலாய் அது தண்ணீரில் இறங்கவேண்டும்.
என்னுடையது கிளையில் இறங்கியது,
அடுத்தது அவன் தொப்பியில்.

ஒன்பது மணிவரை ஒன்றுமில்லை.
வாடகை கேட்க வந்த வீட்டுக்காரனைப் போல
ஒரு கபரக்கொய்யா பார்த்துவிட்டுப் போனது.

எஞ்சினை அணைத்து அவன் துடுப்பெடுத்தபோதுதான்
அதன் பக்கவாட்டில் நீல ஸ்டிக்கரைக் கண்டேன்.
எங்கள் கம்பனி. எங்கள் கிளை.
அந்த ஆறு இலக்கமும்
வெள்ளிக்கிழமை என் மேசையில் இருந்தவை.
மூன்று மாத நிலுவை, பறிமுதல் கடிதம்,
அடியில் என் கையெழுத்து,
யாராலும் வாசிக்க முடியாதது, நல்லவேளை.

"சேர் என்ன வேலை?"
"கணக்கு" என்றேன். பொய்யில்லை.
சோத்துப் பார்சலை அவிழ்த்தான்.
பொரித்த பாரை, பேலியகொடச் சந்தையில் வாங்கியது.
"வாவி மீன் விடுறதுக்கு, சேர்.
கடல் மீன் தின்னுறதுக்கு."

மூன்றேகாலுக்கு இலை வெடித்தது.
கோல் வளைந்து கை வளைந்து
முழுசாய் வளைந்தேன்.
எந்த மொழியில் கத்தினான் என்று தெரியாது,
விளங்கியது.
இரண்டே முக்கால் கிலோ.
இடுக்கியால் கொக்கியைக் கழற்றும்போது
உதட்டிலிருந்த பழைய வடுவைக் காட்டினான்:
"இவர் ரெண்டாந்தரம், சேர்.
போன முறையும் விட்டம்."

நீருக்குள் இரு கையாலும் தாங்கியிருந்தான்,
தானாய்ப் போகும்வரை.
வால் ஒருமுறை அடித்தது.
என் கண்ணாடியெல்லாம் சேறு.

திரும்புகையில் எஞ்சின் இருமி இருமித்தான் பற்றியது.
மாட்டைத் தட்டுவதுபோல் அதைத் தட்டினான்.
தவளைக்கும் தவணைக்கும் ஓரெழுத்துத்தான் என்று
மனசு பகிடி விட்டது.
சிரிப்பு வரவில்லை.

காசை எண்ணாமல் பைக்குள் வைத்தான்.
தொப்பியைக் கழற்றி நீட்டினேன்.
"வச்சுக்கொள்ளுங்க, சேர்."

திங்கள் காலை.
கடிதக் கட்டின்மேல் அந்தத் தொப்பி,
இன்னும் மீன் மணத்தோடு.
தபாலெடுக்கிற பொடியன்
பதினொன்றுக்கு வருவான்.