மணி அடிக்காத செவ்வாய்

கிளாஸ்கோ, டியூக் தெருவில் கம்பளம் விற்கும் கடை.
அதற்கு மேலே சிறுமிகளின் டாப் டான்ஸ் வகுப்பு.
அதற்கும் மேலே நாங்கள்,
ஒன்பது பேர், சில வாரம் ஆறு,
மழை வலுத்தால் நானும் எஃபியும் மட்டும்.

புத்தர் தர்மக் கடையில் நான்கு பவுண்டுக்கு வந்தவர்.
விலைச்சீட்டின் பசை இன்னும் முதுகில் இருக்கிறது.
ஆடாமலிருக்க அடியில் மடித்து வைத்த பஸ் டிக்கெட்.
அவரும் ஆடக்கூடியவர் என்பதில்
எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

எஃபிக்கு இது இரண்டாவது சங்கம்.
முதல் சங்கம் தையல் ஆலையில்,
பதினொரு வாரம் வாசலை மறித்து நின்றவர்.
"அங்கே கத்தினோம், இங்கே கத்துவதில்லை,
பிஸ்கட் மட்டும் இரண்டிலும் நமுத்தது" என்பார்.

மணி லாக்லன் பொறுப்பு.
இரவு இரண்டுக்கு ரொட்டிச் சூளை முன் நிற்பவன்
மாலை ஏழுக்குக் கிண்ண மணி முன் உட்காருவான்,
முழங்கை மடிப்பில் மாவோடு.

அன்று மூன்று முறை தட்டினான்.
நாற்பது நிமிடம். மூச்சை எண்ணு,
பத்து வந்ததும் ஒன்றுக்குத் திரும்பு.
பகலெல்லாம் வங்கியில் பிறர் பணம் எண்ணுகிற எனக்குப்
பத்தில் நிற்கத் தெரியாது.
பதினேழில், இருபத்து மூன்றில் போய் விழிப்பேன்.

கீழே டக்கட டக்கட டக்.
ஒருத்தி மட்டும் எப்போதும் அரைத் தட்டு தாமதம்.
முகம் தெரியாது.
அவள் வந்து சேரும்வரை காத்திருப்பதுதான்
மூன்று வருடமாக என் தியானம்,
வெளியே சொல்வதில்லை.

டான்ஸ் ஓய்ந்தது. படிகளில் கூச்சல்,
தெருவில் கார்க் கதவுகள்.
அப்படியென்றால் எட்டு.
எங்களுக்கு ஏழு நாற்பதுக்கே முடிந்திருக்க வேண்டும்.

மணி வரவில்லை.

கால் மரத்தது.
பிறகு மரத்ததே மறந்துபோனது.
இது ஏதோ பரீட்சை என்று நான் நினைத்தேன்.
செத்துவிட்டோம் என்று நினைத்ததாக
ருவாரி பிற்பாடு சொன்னான்.
கத்ரியோனா வீட்டு அடுப்பில்
சிறு தீயில் வைத்துவந்த சூப்பை நினைத்தாள்.
அன்றுதான் முதல்முறை வந்த பையன், கில்லிஸ்,
இங்கே இதுதான் வழக்கம் போலும் என்று
கண்ணில் நீர் வழிய அசையாமல் இருந்தான்.

யாரும் கண் திறக்கவில்லை.
திறப்பவர் தோற்றவர்.
வெளியிலிருந்து பார்த்தால் சாந்தம்,
உள்ளே எட்டுப் பிடிவாதம்.

எப்போது அது கரைந்தது, தெரியாது.
ஓட்டின் மேல் மழை பேச்சை நிறுத்தியதும்
அது கேட்டது:
லாக்லனின் குறட்டை.
உள்ளே போகையில் மெல்லிய சீழ்க்கை,
வெளியே வருகையில் மாவு ஊதியது போல் ஒரு பூ.
அதை எண்ணினேன். ஒன்று. இரண்டு.
என் மூச்சில் வராதது அவன் மூச்சில் வந்தது.
பத்து. மறுபடி ஒன்று.
மறுபடி, வழி தவறாமல், பத்து.

ஒன்பதரைக்குக் கட்டடம் பூட்ட டூகல் வந்தார்,
எங்களை மேல்மாடி ஊமைகள் என்பவர்.
காலியென்று நினைத்துக் கதவைத் தள்ளினார்.
அரையிருட்டில் ஒன்பது முதுகு.
"யேசுவே" என்றார். சாவிக்கொத்து கை நழுவிப்
பலகைத் தரையில்

கலீர்.

எல்லோரும் கைகூப்பிக் குனிந்தோம்,
லாக்லனும், தூக்கம் கலையாமலே.
சாவியை எடுக்க டூகலும் குனிந்தார்.
ஒரு கணம் அந்த அறையில்
நிமிர்ந்திருந்தது நான்கு பவுண்டு புத்தர் மட்டும்.

யாரும் சிரிக்கவில்லை, படியிறங்கும்வரை.
பிறகு எஃபி ஆரம்பித்துவைத்தார்,
கம்பளக் கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு
மூச்சு வாங்கச் சிரித்தோம்.
லாக்லன் மட்டும் காது சிவக்க
சூளைக்கு நேரமாகிறது என்று ஓடினான்.
கத்ரியோனா ஓடியது கரிந்த சூப்புக்கு.

பஸ் போய்விட்டிருந்தது.
ஈரமான நடைபாதையில் தனியே நடந்தேன்.
வலது கால் டக்.
மரத்த இடது கால்
அரைத் தட்டு தாமதமாக வந்துகொண்டிருந்தது.