பழைய எண், புதிய எண்

ஒப்பந்தம் ஏழு பக்கம்.
தட்டச்சு செய்தவள் நான்.
மாநகராட்சி ஒரு தரப்பு,
உதயதாரகை மக்கள் நலச்சங்கம் மறுதரப்பு.
நடுவே
கொருக்குப்பேட்டை உப்புக்கிடங்குத் தெரு சமுதாயக்கூடம்:
மேலே மணமக்கள் அறை இரண்டு,
கீழே சாப்பாட்டுக்கூடம்,
தண்ணீர் வராத நாலு குழாய்,
இருமி இருமிக் கிளம்பும் ஒரு ஜெனரேட்டர்.
மூன்றாண்டுப் பராமரிப்பு.
வாடகை வசூல் சங்கத்துக்கு,
மின்கட்டணம் நமக்கு.

நமக்கு என்றா அடித்தேன்?
அழித்துத் திருத்தினேன்: மாநகராட்சிக்கு.

சங்கச் செயலாளர் தணிகைவேல்.
கதவு எண் 112.
தீர்மானத்தை முன்மொழிந்த
மாமன்ற உறுப்பினர் கன்னியப்பன்
தன் உறுதிமொழியில் கொடுத்தது
கதவு எண் 47.
அதே தெரு.
காகிதத்தில் படிக்கிறவருக்கு
நடுவில் ஒரு ரேஷன் கடை, ஒரு மாதா கெபி,
அறுபத்துச் சொச்சம் வீடுகள்.

அந்தத் தெருவில் நான்
ஆறு வருஷம் சொத்துவரி வசூலித்தவள்.
செருப்பு தேய்ந்த கணக்கில் சொல்கிறேன்,
பழைய எண் 47தான் புதிய எண் 112.
ஒரே கதவு. நீலப் பெயிண்ட்.
இரண்டு எண்ணும் ஒரே தகரத்தில்.
பழையதைக் கோடு போட்டு அடித்திருந்தார்கள்,
அந்தக் கோட்டை
வெயில் அடித்துவிட்டது.
கீழே உறுப்பினர்,
மாடியில் அவர் மனைவியின் தம்பி.
மாடிப்படி மட்டும் வெளிப்பக்கமாக.

பிரிவு பதினொன்று:
உறுப்பினருக்கோ அவர்தம் உறவினருக்கோ
மேற்படி சங்கத்தில் எவ்வித நலனும் இல்லை.

நலன் என்ற சொல்லை
ஏழு பக்கத்தில் இருபத்திரண்டு முறை அடித்திருக்கிறேன்.
பொதுநலன், மகளிர் நலன், பகுதிவாழ் மக்கள் நலன்.
சங்கத்தின் பெயரிலேயே ஒன்று இருக்கிறது.
இந்த ஓர் இடத்தில் மட்டும்
இல்லை.

கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை.
போன வெள்ளத்தில்
இடுப்பளவுத் தண்ணீரில் அண்டாவைத் தலையில் சுமந்து
தணிகைவேல் வந்ததைப் பார்த்தேன்.
அந்தச் சாம்பார் சாதத்தை நானும் வாங்கித் தின்றேன்.
காதுகுத்துக்குப் பன்னிரண்டாயிரம் வாங்கி
நாலாயிரத்துக்கு ரசீது கிழிப்பதும் அதே கைதான்.

கோப்பின் ஓரத்தில்
பென்சிலால் எழுதி வைத்தேன்:
47ம் 112ம் ஒரே வீடா? பார்க்கவும்.

கண்காணிப்பாளர் மரியசெல்வம்
கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.
“இன்னாம்மா இது, நம்பர் வேற வேற தானே கீது?”
பிறகு, டீயை ஆற்றிக்கொண்டே,
“உன் தம்பி எத்திராஜ்
அந்த ஹாலுக்குத்தானே சேர் வாடகைக்கு வுடறான்?”

பென்சில் அழிந்தது.
அழித்தவள் நான்.
தாளைச் சாய்த்துப் பிடித்தால்
தடம் மட்டும் இருந்தது.

அன்று மாலை ரயில்வே கேட் மூடியிருந்தது.
கூட்ஸ் வண்டி, ஐம்பதுக்கு மேல் எண்ணவில்லை.
அவர் மிரட்டியதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
முப்பதாவது பெட்டி போகும்போது தோன்றியது,
அவர் கேட்டது சரியான கேள்வி.
என் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு
அந்தக் கூடம் பாதி விலைக்குக் கிடைத்தது.
பிரிவு பதினொன்றில்
தட்டச்சு செய்பவளுக்கு இடம் விடவில்லை,
அவ்வளவுதான்.

மறுநாள் மின்விசிறி போடும் முன்பே உட்கார்ந்தேன்.
நீலமசி.
முதல் வரியில் என் தம்பி பெயர்,
அவன் நாற்காலிகள், நான் கொடுக்காத பாதி வாடகை.
அதற்குக் கீழே
பழைய எண், புதிய எண், ஒரே கதவு.
தேதி. கையெழுத்து.
சிவப்பு நாடாவை இறுக்கிக் கட்டினேன்.

கோப்பு எந்த மேசையில் இருக்கிறதென்று தெரியாது.
வெள்ளிக்கிழமை எத்திராஜ் போன் செய்தான்.
“அக்கா, இந்த முகூர்த்தத்துக்கு
நாலு ஆர்டர் கேன்சல். இன்னா ஆச்சுன்னு புரியல.”

வீடு திரும்பியபோது
முந்நூறு நாற்காலிகள்
வாசலில் அடுக்கியிருந்தான்,
எங்கள் கதவு எண் மறைகிற உயரத்துக்கு.