மூன்றாம் கம்பி

மூன்றாம் கம்பி மறுபடியும் கம்பி நீட்டிவிட்டது.
மோகோலாவில் ஓர் அறுபதாம் பிறந்தநாள்,
இரவு இரண்டரை மணி.
விருந்துக்காரி ஆடியபடியே வந்து
என் நெற்றியில் இருநூறு நைராத் தாளை ஒட்டுகிறாள்.
பெடலை மிதிக்கிறேன்.
ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கு ஏற வேண்டியது
படீரென்று அறுந்து
மணிக்கட்டு நரம்பின்மேல் சுருண்டு விழுகிறது.

மாதம் முடியவில்லை, இது மூன்றாவது.

துரோட்டிமி தன் பேசும் மேளத்தை அக்குளில் இடுக்கி
இ-பி-ரோங்-கே என்று
என் பெயரின் ஏற்ற இறக்கத்தை அப்படியே தட்டிக்
கேலி செய்தான்.
அவனுக்கென்ன.
எத்தனை வார் இருந்தாலும் ஓர் அணைப்பில்
எல்லாம் சேர்ந்து இறுகும்,
சேர்ந்தே தளரும்.
எனக்குப் பத்துக் கம்பி.
பத்துக்கும் தனித்தனி வீராப்பு.

கம்பி தடித்திருப்பதால்தான் முறைத்துக்கொண்டு அறுகிறது,
மெலிந்தது வளைந்து கொடுக்கும்
என்று நினைத்தேன்.
பெக்கமில் இருக்கும் அயின்டேவுக்குச் சொல்லி
பதினொன்றுக்குப் பதில் பத்து வரவழைத்தேன்.
அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் பத்து,
மூன்று தலைமயிரை அடுக்கிய கனம்.
அடுத்த சனிக்கிழமை
அதே பாட்டு, அதே மிதி,
அதே சுருதியில் அதுவும் போனது.

பகலில் நான் டுக்பேயில் வங்கிக் கல்லாவில் இருக்கிறேன்.
மதிய இடைவேளையில்
பணம் கட்டும் சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
இருபத்து நான்கு அங்குல நீளம்,
ஏற வேண்டிய சுருதி, எஃகின் எடை.
மெலிதாக்கினால் சுமை குறைகிறது, உண்மைதான்.
சுமக்கிற உடம்பும் அதே அளவு குறைகிறது.
தடித்ததோ மெலிந்ததோ
அறுகிற சுருதி ஒன்றுதான்.
நம்பாமல் மூன்று தடவை கூட்டிப் பெருக்கினேன்.
வரிசையில் நின்றவர் கண்ணாடியைத் தட்டினார்.

பிறகு கனம் எதற்கு?
இடது கையில் இருக்கும் இரும்பு உருளைக்காக.
பத்தின் மேலும் படுத்தபடி ஊர்கிறது அது.
எது தளர்ந்திருக்கிறதோ அங்கே புதையும்,
புதைந்த இடத்தில் சுருதி கோணும்.
என் காது பல நாளாய்ச் சொன்னதைச்
சீட்டும் சொன்னது:
மூன்றும் நான்கும் இருபத்தெட்டு ராத்தல் இழுக்க,
ஐந்தும் ஆறும் இருபத்து மூன்றில்
சோம்பிக் கிடந்திருக்கின்றன.
பதினேழைக் கழற்றிப் பதினெட்டு,
இருபதைக் கழற்றி இருபத்திரண்டு.
மூன்றுக்கு மறுபடி பதினொன்றே.
பார்வைக்கு ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாத கூட்டம்.
உருளையை வைத்தேன்,
எங்கும் பள்ளமில்லை.

ஆனாலும் மூன்றாவது?

விடை திங்கட்கிழமை வந்தது.
விருந்துகளில் ஒட்டிய நோட்டுகள் எல்லாம்
வியர்வை வாசத்தோடு என் கல்லாவுக்குத்தான் வரும்.
கிழிந்ததைத் தனியே பிரிக்கும்போது பார்த்தேன்:
புதுத்தாளோ நைந்த தாளோ,
கிழிவது மடிப்பில்.

வீட்டுக்குப் போய்
தூக்கிப் போடாமல் வைத்திருந்த நான்கு துண்டுகளையும்
பாயில் நீட்டி அளந்தேன்.
நான்கும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன.
போன் வெளிச்சத்தில்,
மூன்றாம் கம்பி வளைந்து இறங்கும் உலோக முதுகில்
கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல்
நகத்துக்குத் தட்டுப்பட்டது.

அட பாவி, நீயா.

ஆயிரம் நம்பர் உப்புத்தாள், ஒரு சொட்டு எண்ணெய்,
முக்கால் மணி நேரம்.
மின்சாரம் போனது, வந்தது, போனது.

இஜெபு-ஓடேயில் ஒரு பெரிய சாவு வீடு.
விடிய விடிய வாசித்தோம்.
ஒவ்வொரு முறை பெடலை மிதிக்கும்போதும்
மணிக்கட்டு தானாகப் பின்வாங்கியது.
கம்பி மறந்துவிட்டது போலிருந்தது,
கை மறக்கவில்லை.
நான்கு மணிக்கு துரோட்டிமி என் பக்கம் திரும்பி
மேளத்தில் ஏதோ கேட்டான்.
எனக்குப் புரிந்தது, பதில் சொல்லவில்லை.

என் தலைக்கட்டின் மடிப்பில்
ஒரு பதினொன்று,
வட்டமாகச் சுருட்டி,
செருகியபடியே இருக்கிறது.