கோலிக்குண்டு

மின்சார பில்லின் பின்பக்கத்தில்
நாலு ஊர் எழுதியிருக்கிறோம்.

திருகோணமலைக்கு நேரே இருபத்தெட்டாயிரம்.
அதன்மேல் ஒரு கோடு.
கடலைப் பார்க்கிற ஜன்னல் இருப்பதால்
ஐயாயிரம் கூடுதலாம்.
மூடியே வைத்திருக்கிறோம், குறைப்பீர்களா
என்று கேட்டாராம் இவர்.
தரகர் சிரிக்கவில்லை.

நீர்கொழும்பில் பள்ளிக்கூடம் பெரியது,
இடந்தான் இல்லை.

மன்னாரில் வாடகை பன்னிரண்டு.
ஆனால் அந்த வீட்டுக் கிணறு உப்பு,
குடிக்கிற தண்ணீர் கேனில் வரும், காசுக்கு.
நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.
லயத்துக் கோடியில்
ராவும் பகலும் பீலி கொட்டுகிறது.
அதற்கு விலை இருக்குமென்று
எனக்குத் தோன்றியதே இல்லை.

கடைசியில் சிலாபம்.

கடல் மேல் ஆசைப்பட்டு யாரும் இங்கே
கணக்குப் போடவில்லை.
யதுஷாவின் நெஞ்சு
இரவு இரண்டு மணிக்குமேல் விசிலடிக்கும்.
தகரம் தகரத்தோடு சேருமிடத்தில்
மூட்டம் உள்ளே வரும்.
சாக்கு அடைத்தோம், சிமெந்துப் பை அடைத்தோம்,
போன மாசிப் பனிக்கு என் கல்யாணச் சேலையையும்.
டிக்கோயா டாக்டர்
மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல்
"கீழே எங்கயாவது சூடான ஊருக்குப் போய் இருங்களேன்" என்றார்,
கதிரையைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்வதுபோல.

இவருக்கென்ன, பேக்கரி வேலை.
பாண் எல்லா ஊரிலும் வேகும்.
எனக்குத்தான் செக்ரோலில் பேர்.
பேர் வெட்டினால் காம்பரா போகும்.
சேமலாப நிதியில் நூற்றுக்கு முப்பதுதான்
இப்போது கையில் தருவார்களாம்.
கூட்டிக் கழித்துப் பார்த்தேன்:
பன்னிரண்டு வருசக் கொழுந்து
ஆறு மாத முற்பணம்.

ஞாயிறு விடியமுன்னே பஸ் ஏறினார்.
முதல் வீட்டுக்காரர் நல்லபடியாகத்தான் பேசினாராம்.
எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்.
கொட்டகலை.
டவுனா, தோட்டமா?
தோட்டம்.
ஆறு மாத முற்பணம் அந்த இடத்திலேயே
ஒரு வருசமாகிவிட்டது.
இவர் ஒன்றும் சொல்லவில்லை.
தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் எழும்பினாராம்.
"நம்ம தூள்தான்,
சாயம் பத்தாது" என்றார் என்னிடம்,
போனில், அதைமட்டும் இரண்டு தடவை.

இரண்டாவது, மீன் ஏலம் கூறுகிற
பிரிஸில்லா பெர்னாண்டோவின் பின்வளவு.
இரண்டு அறை, பதினைந்தாயிரம்.
கடல் தெரியாது.
கருவாட்டு வாடி தெரியும்.
தெரியாவிட்டாலும் தெரியும்.
அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்:
"பிள்ளையளுக்கு முள் பார்த்துச் சாப்பிடத் தெரியுமா?"
தெரியாது என்றிருக்கிறார்.
"அப்ப ஒரு கிழமைக்கு நான் எடுத்துக் குடுக்கிறன்.
பிறகு அவங்கட பாடு."

சின்னவன் கவிந்தன்
அப்பாவின் சட்டைப் பையில் ஒரு கோலிக்குண்டு போட்டு அனுப்பியிருந்தான்.
எங்கள் காம்பராவில்
அடுப்படியில் வைத்தால்
அதுவே உருண்டு, கட்டில் காலைச் சுற்றி,
வாசற்படி தாண்டி, கானில் விழும்.
அவன் வைத்திருக்கிற ஒரே விளையாட்டுச் சாமான் அந்தச் சரிவு.
இவர் அங்கே தரையில் வைத்து
வீடியோ எடுத்து அனுப்பினார்.

மூவரும் குனிந்து பார்த்தோம்.
சிவப்புத் தரை.
நடுவில் பச்சைக் கோலி.
பின்னால் யாரோ சிங்களத்தில் விலை கூவுகிறார்கள்,
காகம் கத்துகிறது,
கோலி அப்படியே நிற்கிறது.
ஒரு நிமிசம் இருபது செக்கன்.

"அந்த வீடு பழுதாம்மா?" என்றான் கவிந்தன்.

யதுஷா மட்டும் திரையைத் தொட்டு
இன்னொருமுறை ஓடவிட்டாள்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்,
பிடிக்க முடிந்தவரைக்கும்.

சிலாபத்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.
பேனா மையில்லாமல்
பாதி வட்டத்தில் நின்றுவிட்டது.

பில்லுக்குக் கடைசி நாள் வெள்ளி.
முன்பக்கத்தைக் கட்டிவிட்டுத்தான்
பின்பக்கத்துக்குப் போகவேண்டும்.