ஏலம்

பக்கத்துக்கு நானூறு ரூபாய்.
மூன்று நாளாய் நூற்றுப் பன்னிரண்டிலேயே நிற்கிறேன்.
அட்டவணை ஒன்று:
இந்தப் பக்கம் கியூபா, பிரேசில்.
அந்தப் பக்கம் வர்ஜினியா, பார்படோஸ்.
தலைப்பில் ஒரு கேள்வி:
எங்கே அடிமைமுறை மென்மையாய் இருந்தது?

மென்மையாய்.
தட்டினேன், அழித்தேன்.
கல்லடிப் பாலத்தில் ஒரு லொறி ஏறி இறங்கும் சத்தம்.

கியூபாவில் ஒருவன்
தன் விலையைத் தானே தவணையில் கட்டலாம்.
பாதி கட்டியவனுக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது.
நமக்கு இல்லை.
அரையடிமை என்று போட்டால்
மற்ற அரை எங்கே என்று கேட்கிறது.
தவணையாள் என்றால்
லீசிங்காரனுக்கு ஒளிந்து திரியும் ஓட்டோ சாரதி.

பிரேசிலில் விடுதலைப் பத்திரம் அதிகம்,
கரும்பாலையில் ஆயுள் குறைவு.
செத்த இடத்துக்குக் கப்பல் ஆள் கொண்டுவரும்.
வர்ஜினியாவில் ஆட்கள் பெருகினார்கள்;
பெருகியதால் பிள்ளைகளைத்
தெற்கே விற்க முடிந்தது.
எந்தக் கட்டத்தில் மென்மையை எழுத?

நாலாம் நிரை மட்டும் இரு பக்கமும் ஒன்று:
பிள்ளை தாயின் வழி.
வாசித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.
எங்கள் பக்கமும் குடி தாய்வழிதான்.
சுகிர்தமலருக்கு அவள் தாய் கொடுத்தது
நான் இருந்து எழுதும் இந்த வீடு,
உப்புக் கரிக்கும் கிணறு, ஒரு குடிப்பெயர்.
அதே வயிற்றுப் பாதையால்
அங்கே இறங்கியது விலங்கு.

விடியப்புறம் மீன்வாடி.
சீமெந்துத் தரையில் கொடுவா.
கூறுகிறவன் செவுளை விரித்துச்
சிவப்பைக் காட்டுகிறான்.
எண்ணூறு. எண்ணூற்றைம்பது. ஒருதரம்.

பக்கத்தில் எர்வின் ராகல், பூட்டுத் திருத்துகிறவர்:
"ஏலம் எங்கட சொல், தெரியுமா ஐசே?
போத்துக்கீசன் கப்பலில வந்தது.
சாவியும் அப்பிடித்தான்."
சிரித்தார்.
நான் மற்றக் கப்பலை நினைத்தேன்,
அதே லிஸ்பன் துறையால் வெளிக்கிட்டு
மேற்கே திரும்பியதை,
அதே சொல்லை ஏற்றிக்கொண்டு.

ரெண்டுதரம்.
வாங்க வந்தவர் குனிந்து
கண்ணை அமுக்கிப் பார்க்கிறார்.

வீட்டுக்கு வந்து
ஒன்பதாம் நிரையில் ஏலம் என்று போட்டேன்.
அகராதி தேவைப்படவில்லை.
மேலே, தலைப்பில்,
ஓர் இடத்தை வெறுமையாய் விட்டு
பதிப்பகத்துக்குக் குறிப்பு எழுதினேன்:
இதற்குத் தமிழில் சொல் உண்டு.
நான் போடவில்லை.
வேண்டுமென்றால்
அந்த நானூறைக் கழித்துக்கொள்ளுங்கள்.