நண்டு வைத்த முத்திரை

செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு வருவார்
ஹிமானி பக்ஷி.
கையெழுத்தில் பக்ஷி, எங்கள் பிரிவில் பட்சி.
'பட்சி வந்தாச்சு' என்று நான் தமிழில் முணுமுணுத்தால்
பக்கத்து மேசைப் பஞ்சாபிக்கும் புரியும்.

ஜோல்னாப் பைக்குள்
ஓக்லா குப்பைமேட்டின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்
விண்ணப்பமாக மடிந்திருப்பார்கள்.
பிறந்த தேதி என்ற இடத்தில்
'பெரிய மழைக்கு மறுநாள்' என்றிருக்கும்.
இன்னொன்றில் 'லாரி எரிந்த ராத்திரி.'

இதையெல்லாம் கணினி வாங்காதம்மா என்பேன்
எனக்குத் தெரிந்த இந்தியில்.
தமக்குத் தெரிந்த இந்தியில் திட்டுவார்.
இரண்டுமே இலக்கணத்துக்கு ஆகாது.
சண்டை மட்டும் சுத்தமாக இருக்கும்.

ஆறு வருஷம்.

சித்தரஞ்சன் பார்க்கில், மீன் கடைகளுக்கு மேலே ஓர் அறை,
ராத்திரியில் குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறார் என்றார்கள்.
நம்பவில்லை.
இவ்வளவு கோபத்தை வைத்துக்கொண்டு
முயலை எப்படிப் பேச வைப்பது?

டெல்லியே தெரியாத ஒரு பனி நாளில்
மேசைமேல் புத்தகம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.
கொடியில் காயும் துணிபோல வங்காள எழுத்து.
படம் மட்டும் பார்த்தேன்.
குளக்கரையில் ஒரு நண்டு, மூக்குக்கண்ணாடி போட்டது,
கொடுக்குக்கு ஒரு முத்திரை.
எதிரே வால் உதிராத தவளைக்குஞ்சுகள், வரிசையில்.
நண்டின் நெற்றியில் மூன்று வெள்ளைக் கோடு.

என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முடிவை அவரிடம் கேட்க வெட்கம்.
டீ கொண்டுவரும் மால்டா பையன் எழுத்துக்கூட்டிச் சொன்னான்:
'பக்கவாட்டில்தான் நடக்குது சார்.
ஆனா கடைசியில வந்து சேர்ந்துடுது.'

அந்த வாரம் வானிலை அலுவலகத்துக்கு ஒரு போன் செய்தேன்.
பெரிய மழை என்றைக்கு?
சொன்னார்கள். மறுநாளை எழுதி முத்திரை வைத்தேன்.
ஒரு போன். அவ்வளவுதான் வேலை.

நேற்று இறப்புப் படிவம் வந்தது.
கொண்டுவந்தவள் பள்ளிச் சீருடையில் ருக்சார்,
பெரிய மழைக்கு மறுநாள் பிறந்தவள்.
தொழில்: ஒரே கட்டம்.
எதை எழுதினாலும் மற்றொன்று
பதினொன்றரைக்கு வந்து என் மேசையைத் தட்டும்.
பிறந்த தேதி:
'ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெள்ளம் வடிந்த பிறகு.'

அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.
எப்போதோ தானே எழுதி வைத்திருக்கிறார்.

எந்த ஆறு? எந்த வெள்ளம்?
தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன்.
இப்போது அந்த நாட்டில் யாரைக் கூப்பிடுவது?
வரிசையில் அடுத்த ஆள் இருமுகிறார்.