ஆயிரத்தில் மூன்று

வீடு எனக்கு, நாய் அவனுக்கு,
படகை விற்றுப் பாதிக்குப் பாதி.
வழக்கறிஞரின் பட்டியலில் பதினேழாவது வரி:
‘1957 ட்ரயம்ஃப். ஓடாது.’
அதற்கு நேரே யாரும் எதுவும் எழுதவில்லை.

ஆகவே வியாழன்தோறும்
என் கொட்டகைக்கு வருகிறான் இனிஸ்.
மணி அடிப்பதில்லை. இருமுவான்.
இன்வர்கார்கில் குளிரில்
இருமலுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் குளிர்காலம் துருவோடு போயிற்று.
சிவப்பைச் சுரண்டினால் வெள்ளை,
வெள்ளைக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில், இடது கதவருகே,
யாரோ எப்போதோ எங்கோ மோதியதை
ஈயம் காய்ச்சி ஊற்றி மூடியிருந்தார்கள்.
‘நல்ல கை’ என்றான்.
மூடியவனையா, மோதியவனையா,
நான் கேட்கவில்லை.

இந்த எஞ்சினுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன்
பக்கத்துப் பண்ணையில் டிராக்டராக இருக்கிறான்.
டர்னிப் வயலில் இன்னும் உழுகிறான்.
மொய்ரா மெக்ராஸ்டர் வேலியில் சாய்ந்து கேட்பாள்:
‘என்னுடையது ஒரே இழுப்பில் கிளம்பிவிடுகிறது.
உங்களுடையது?’
இருவரும் வானத்தைப் பார்ப்போம்.

மின்சாரம் வேறு தலைகீழ்.
ஊரெல்லாம் மைனஸைத் தரையில் கட்ட
இது ப்ளஸைக் கட்டிக்கொண்டு நிற்கும்.
ஒரு மாலை மறந்துபோய் நான் மாற்றிக் கொடுத்தேன்.
நூல் கனத்தில் புகை எழுந்தது.
கத்துவான் என்று காத்திருந்தேன்.
முன்பென்றால் கத்தியிருப்பான்.
வயரை மோந்து பார்த்துவிட்டு
‘டைனமோ தப்பித்தது’ என்றான்.

லைனர் இறக்கியது ஆகஸ்டில்.
நான்கு குழல்கள். ஒவ்வொன்றும்
பிளாக்கின் முகத்தைவிடச் சற்றே எழும்பி நிற்க வேண்டும்.
ஓர் அங்குலத்தை ஆயிரமாக நறுக்கி
அதில் மூன்று.
குறைந்தால் நீர் எண்ணெய்க்குள் இறங்கும்.
மிகுந்தால் மேல்மூடி உட்காராது.
மூன்றாவது குழல் இரண்டில் நின்றது.
கழற்றினோம். கேஸ்கட் மாற்றினோம்.
மறுபடி இரண்டு.
நான்காம் முறை, இரவு பத்தே முக்காலுக்கு,
மெல்லிய எஃகு இலை உள்ளே நுழைந்து
விரலுக்குத் தெரிகிற இழுவையோடு வெளியே வந்தது.
மூன்று, என்றேன்.
மூன்று, என்றான்.
பதினோரு வருட மணவாழ்வில்
நாங்கள் ஒத்துப்போன மொத்த அளவும்
ஏறக்குறைய அவ்வளவுதான்.

டெரெடோங்காவில் பந்தயம். தெற்கிலிருந்து கடற்காற்று.
சோதனைக்கு வந்த வைமாரியே
சக்கரங்களைப் பிடித்து ஆட்டினாள்,
பெல்ட்டைச் சுண்டி இழுத்தாள்,
படிவத்தை நீட்டினாள்.
உரிமையாளருக்கு ஒரே ஒரு கட்டம்.
இனிஸ் தன் பெயரை நெருக்கி எழுதினான்,
இடப்பக்கம் இடம் விட்டு.

காசு சுண்டியதில் ஓட்டுவது எனக்கு விழுந்தது.
இந்த வண்டியின் கதவு அத்தனை தாழ்வு,
கையைத் தொங்கவிட்டால்
தார்ச்சாலை உள்ளங்கையைத் தின்றுவிடும்.
மூன்றாம் கியர் கறுவியது,
நான்காவது மன்னித்தது.
நேர்ச்சாலையில் ஓர் ஆஸ்டின் ஹீலி
வைக்கோல் வண்டியைக் கடப்பதுபோல் என்னைக் கடந்தது.
கடைசி வளைவில் பின்பக்கம் வழுக்க
உயிர் தொண்டைவரை வந்து
எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.
பதின்மூன்று பேரில் பதினொன்று.
மற்ற இருவர் கிளம்பவே இல்லை என்பதை
யாராவது கேட்டால் ஒழியச் சொல்வதில்லை.

நிறுத்திய இடத்தில் சொட்டத் தொடங்கியது எண்ணெய்.
இனிஸ் தன் வேனிலிருந்து ஒரு தகரத் தட்டை எடுத்து
அடியில் தள்ளினான்.
ஆட்டுத்தொடை வாட்டும் தட்டு.
மூலையில் என் கத்தி போட்ட கீறல்.
இரண்டு வருடமாக அலமாரி அலமாரியாக
நான் தேடிக்கொண்டிருந்த தட்டு,
பட்டியலின் எந்த வரியிலும் வராதது.

‘இது என்னுடையது’ என்றேன்.
‘வியாழக்கிழமை கொண்டுவருகிறேன்’ என்றான்,
குனிந்தபடியே.
இரண்டு பேரும் மண்டியிட்டு எண்ணினோம்.
நிமிடத்துக்கு ஒன்பது சொட்டு.
பின்பக்க சீல், என்றேன்.
இல்லை, சம்ப், என்றான்.